பலிபீடம், கூடாரம், துரவு



இந்த வாரத் தியானத்தை வாசிப்பதற்கு முன் ஆதியாகமம் 26ஆம் அதிகாரத்தை ஒருமுறை முழுவதுமாக வாசித்துவிடுங்கள். ஆபிரகாமுக்கும் யாக்கோபுக்கும் வேதத்தில் பல அதிகாரங்கள் உண்டு. அவ்விருவருக்கும் நடுவில் அமைதியாக நிற்கும் ஈசாக்கு தாமே முன்னின்று நடத்தும் அதிகாரம் என்று சொல்லத்தக்கது இது ஒன்றுதான். அதுவும் பெரும்பாலும் கிணறுகளைப் பற்றியது. தகப்பன் காலத்தில் வெட்டிய துரவுகளைப் பெலிஸ்தர் மண்போட்டுத் தூர்த்துவிடுகிறார்கள். மகன் அவற்றை மீண்டும் தோண்டுகிறார். புதிதாக ஒன்றைத் தோண்டினால், கேராரின் மேய்ப்பர்கள் வந்து தண்ணீர் தங்களுடையது என்கிறார்கள். அந்தத் துரவுக்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம் என்று பெயராகிறது. அடுத்ததும் சண்டையில் முடிகிறது. அதன் பெயர் சித்னா, பகை. மூன்றாவதைத் தோண்டும்போது எவரும் வழக்காட வரவில்லை. ரெகொபோத், விசாலமான இடம் என்று அதற்குப் பெயரிடுகிறார். பின்பு பெயெர்செபாவுக்குப் போகிறார். அங்கே அவர் செய்த காரியங்கள் மூன்று: பலிபீடம் கட்டினார், கூடாரம் போட்டார், அவருடைய வேலைக்காரர் ஒரு துரவு வெட்டினார்கள். 25ஆம் வசனம் இம்மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறது.

இந்த வசனத்தை நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். பலிபீடத்தைப் பற்றி ஒரு நாள், கூடாரத்தைப் பற்றி இன்னொரு நாள் என்று தனித்தனியே பேசியதுண்டு. மூன்றும் ஏன் ஒரே வசனத்துக்குள் வந்து அமர்ந்தன என்பதைக் கடந்த பிப்ரவரி மாதம் பாம்பன் தீவில் கழித்த இரண்டு இரவுகள் எனக்கு விளக்கின. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆண்டு விடுப்பில் ஒரு வாரத்தை எடுத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் இராமேசுவரம் வரை சென்று, விடுதி எதிலும் தங்காமல் கூடாரமடித்து, தீவை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்து வரவேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம். தனியாகப் போவதாகத்தான் எண்ணியிருந்தேன். நம் சபையைச் சேர்ந்த மூத்த விவசாயி ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, “நானும் வரனுங்க ஐயா, எங்கய்யன் புயலுக்கு முன்னாடி தனுஷ்கோடி பார்த்தவரு. சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கறேன், கண்ணுல பார்த்ததில்லீங்க” என்றார். அவருக்கு வயது அறுபதைக் கடந்துவிட்டது. அவருடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பெயரை மட்டும் விட்டுவிடுகிறேன்.

ஒரு திங்கட்கிழமை விடியலில் உடுமலையிலிருந்து புறப்பட்டோம். நான் என் ஸ்கூட்டரில், அவர் தம்முடைய எக்ஸ்எல் வண்டியில். வழக்கமாகத் தீவனக் கட்டு ஏற்றும் இடத்தில் கூடாரப் பையும் பாயும் அடுப்பும் ஏறியிருந்தன. பழனி, திண்டுக்கல் வழியாக மதுரைக்குச் சென்று அன்றிரவு தங்கினோம். மறுநாள் மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் என்று சாலை நீண்டது. உடுமலையின் தென்னந்தோப்புகளும் காற்றாலைகளும் பழகிய கண்ணுக்கு, இராமநாதபுரத்தைத் தாண்டியபின் தென்படும் பனைகளும் குடைவேல மரங்களும் வேறொரு நாட்டுக்குள் நுழைந்த உணர்வைத் தந்தன. மண்டபத்தைக் கடந்ததும் பாம்பன் பாலம். 1988ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் திறக்கப்பட்ட இந்தச் சாலைப் பாலத்தில் காற்று பக்கவாட்டிலிருந்து வண்டியைத் தள்ளியது. அருகில் 1914ஆம் ஆண்டின் பழைய இரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய தூக்குப் பாலமும் இணையாகச் சென்றன. மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் போகாமல் ஊர்ந்து தீவுக்குள் இறங்கினோம்.

பெரிய வண்டியில் வருகிறவர்கள் கோயிலையும் தனுஷ்கோடியையும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். ஸ்கூட்டருக்கு மணல் தடமும் வழிதான், தோப்புக்கு நடுவே போகும் ஒற்றையடிப் பாதையும் வழிதான். 1897ஆம் ஆண்டு மேலைநாட்டிலிருந்து திரும்பிய விவேகானந்தர் கரையிறங்கிய குந்துகால் முனைக்குப் போனோம். தங்கச்சிமடத்துக்கு அருகே கடலுக்குள்ளேயே நன்னீர் ஊறும் வில்லூண்டித் தீர்த்தத்தைப் பார்த்தோம். சுற்றிலும் உப்பு நீர் நிற்க, நடுவில் கிணறு. இராமர் வில்லூன்றி எடுத்த நீர் என்பது அங்கே வழிபடுவோரின் நம்பிக்கை. இராமநாதசுவாமி கோயிலுக்குள் மட்டும் 22 தீர்த்தங்கள் இருக்கின்றன. கடலால் சூழப்பட்ட ஒரு நிலத்தில் நல்ல தண்ணீரைக் கண்ட மனிதர் அதைப் புனிதமென்று போற்றியதில் வியப்பில்லை என்று எனக்குத் தோன்றியது. என்னோடு வந்தவரோ எந்த நீரைக் கண்டாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: “எத்தனை அடிங்க?”

அன்று மாலை தங்கச்சிமடத்தில் ஒரு தென்னந்தோப்பின் உரிமையாளரிடம் அனுமதி கேட்டுக் கூடாரம் அடித்தோம். அங்கேதான் முதல் பாடம் தொடங்கியது. நம் ஊர்ச் செம்மண்ணில் முளையை இரண்டு அடி அடித்தால் போதும், காளை இழுத்தாலும் வராது. மணலில் முளை நிற்கவே நிற்காது. எத்தனை முறை அடித்தாலும் கயிற்றை இழுத்ததும் கையோடு வந்துவிட்டது. எங்கள் தவிப்பைப் பார்த்த தோப்புக்காரர் நான்கு துணிப்பைகளைக் கொடுத்தார். அவற்றில் மணலையே நிரப்பிக் கயிற்றைக் கட்டி, முழங்கையளவு குழி பறித்துப் புதைக்கச் சொன்னார். இரவு முழுதும் அடித்த காற்றில் கூடாரம் அசையவில்லை. நிற்காது என்று நாங்கள் கைவிட்ட அதே மணல்தான் கூடாரத்தைப் பிடித்துக்கொண்டது.

சமையலுக்குத் தண்ணீர் எடுக்கத் தோப்பின் உறைகிணற்றுக்குப் போனோம். நண்பர் கைவிளக்கை உள்ளே அடித்துப் பார்த்துவிட்டு வெகுநேரம் நின்றார். பத்தடி ஆழத்தில் தண்ணீர் பளபளத்தது. “ஐயா, கடலு கல்லெறியற தூரத்துல இருக்குது. பத்தடியில நல்ல தண்ணி. எங்க காட்டுல ஆயிரத்து நூறு அடியில புழுதிங்க” என்றார். அதற்குமேல் பேசவில்லை. அரிசிம்பருப்புச் சாதம் வெந்தது. சாப்பிட்டோம். படுத்தோம்.

கூடாரத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். வீட்டில் மனிதர்கள் வெவ்வேறு அறைகளில் போய்ப் படுத்துக்கொள்ளலாம். பேசவேண்டிய பேச்சைக் கதவுக்கு வெளியே விட்டுவிடலாம். இருவர் படுக்கும் கூடாரத்தில் அதற்கு இடமில்லை. ஒருவர் விழித்திருந்தால் மற்றவருக்கும் தெரிந்துவிடும். நள்ளிரவுக்குச் சற்று முன்னால் அவர் தாமாகவே தொடங்கினார்.

உடுமலைக்குத் தெற்கே அவருடைய தகப்பனார் விட்டுச்சென்ற பூமியில் ஒரு கிணறு இருந்தது. எண்பது அடி. மாடு பூட்டிக் கவலை இறைத்த காலத்திலிருந்து இருந்த கிணறு அது. அண்ணன், தம்பி இருவருக்கும் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் முறை. தகப்பனார் இருந்தவரை அந்த முறையில் ஒரு மணி நேரம்கூட எவரும் மீறியதில்லை. அவர் மறைந்த சில ஆண்டுகளில் மழை பொய்த்தது. தென்னை வாடத் தொடங்கியது. மூத்தவராகிய இவர் கிணற்றிலிருந்து முப்பதடி தள்ளித் தம் பங்கு நிலத்தில் 900 அடிக்கு ஆழ்துளைக் கிணறு போட்டார். தண்ணீர் வந்தது, பொதுக் கிணறு வற்றியது. தம்பி தம் பங்கில் 1,100 அடி போட்டார். இப்போது இவருடைய நீர் குறைந்தது. இவர் இரண்டாவது போட்டார், தம்பி மூன்றாவது போட்டார். கடன் இரு வீட்டிலும் ஏறியது. பிறகு வரப்பு, பிறகு மின் இணைப்பு, பிறகு நீதிமன்றம். ஒன்பது ஆண்டுகளாக இருவரும் பேசிக்கொள்வதில்லை. ஒரே சபைக்கு வருகிறார்கள். ஒருவர் வலப்பக்கத்து முன்வரிசையில், மற்றவர் இடப்பக்கத்துத் தூணோரம். திருவிருந்து நாளில் ஒருவர் எழுந்து வந்து திரும்பியபின்தான் மற்றவர் எழுவார்.

“எங்கய்யன் வெட்டுன கெணத்தைப் பெலிஸ்தன் வந்து தூர்க்கலீங்க ஐயா. நாங்களே தூர்த்துட்டம்” என்றார் இருட்டுக்குள்.

அவருக்கு நான் பதில் எதுவும் சொல்லவில்லை. ஆறுதலுக்காகச் சொல்லும் சொற்கள் அந்தச் சிறிய இடத்துக்குள் பொருந்தாதவையாகத் தோன்றின. காற்று மட்டும் கூடாரத் துணியை உரசிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலை தனுஷ்கோடிக்குப் புறப்பட்டோம். இராமேசுவரத்திலிருந்து அரிச்சல்முனை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். முகுந்தராயர் சத்திரத்தைத் தாண்டியதும் நிலம் ஒடுங்கி, சாலையின் இருபுறமும் கடல் வந்துவிடுகிறது. வடக்கே பாக் நீரிணை, தெற்கே மன்னார் வளைகுடா. அமைதியான கடலைப் பெண்கடல் என்றும் சீறும் கடலைத் ஆண்கடல் என்றும் அங்குள்ளோர் சொல்கிறார்கள். காற்று வாரிக்கொண்டுவந்த மணல் தார்ச்சாலையின் மேல் நாக்கு நாக்காகக் கிடந்தது. ஸ்கூட்டர் அதில் ஏறும்போதெல்லாம் சக்கரம் வழுக்கும். பிரேக்கைத் தொடாமல், வேகத்தைக் குறைத்து, கைப்பிடியை இறுக்காமல் விட்டால் வண்டி தானே கடந்துவிடும். இருட்டியபின் அங்கே தங்க அனுமதி இல்லை. ஆகையால் விடிந்தவுடன் சென்று, வெயில் சாய்வதற்குள் திரும்புவதென்று முடிவுசெய்திருந்தோம்.

தனுஷ்கோடியின் வரலாறு உங்களில் பலருக்குத் தெரியும். 1914இல் பாம்பன் இரயில் பாலம் திறந்தபின், சென்னையிலிருந்து போட் மெயிலில் வருகிறவர்கள் இங்கே இறங்கிக் கப்பலேறித் தலைமன்னாருக்குப் போனார்கள். இரயில் நிலையம், சுங்கச் சாவடி, அஞ்சலகம், பள்ளி, கோயில், தேவாலயம் என்று ஓர் ஊர் முழுமையாக இருந்தது. 1964ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் நள்ளிரவில், கிறிஸ்துமஸுக்கு மூன்று நாள் இருக்கும்போது, புயலும் பேரலையும் அந்த ஊரை மூடின. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பயணிகள் இரயில் 100க்கும் மேற்பட்டவர்களோடு கடலுக்குள் போயிற்று. பல நூறு உயிர்கள் மாண்டன. மனிதர் வாழத் தகுதியற்ற இடமென்று அரசு அறிவித்தது.

இடிந்த தேவாலயத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தினோம். சுற்றிலும் சங்கும் சிப்பி மாலையும் விற்கும் கடைகள். பவளப்பாறைக் கற்களால் எழுப்பிய சுவர்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. மேலே கூரை இல்லை, வானம்தான். மணலின்மேல் வீடு கட்டிய புத்தியீனனைப் பற்றி நம் ஆண்டவர் சொன்ன உவமை (மத்தேயு 7) அங்கு நிற்கும் எந்தப் போதகருக்கும் உடனே நினைவுக்கு வரும். நான் அதை நாவுக்குக் கொண்டுவரவில்லை. அந்த இரவில் இறந்தவர்கள் நம்மைவிடப் பாவிகளாயிருந்தார்கள் என்று எண்ணுவதற்கு நமக்கு இடமில்லை. சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்த பதினெட்டுப் பேரைக் குறித்து இதே கேள்வி எழுந்தபோது, ஆண்டவர் அதை மறுத்து, கேட்டவர்களின் மனந்திரும்புதலைப் பற்றிப் பேசினார் (லூக்கா 13:4-5). இடிபாடுகளைப் பார்க்கும்போது செத்தவர்களைத் தீர்ப்புச் செய்வது எளிது. அவருடைய வழி, உயிரோடு நிற்பவனைக் கேள்வி கேட்பது.

நண்பர் நேராகப் பலிபீடம் இருந்த பக்கம் போய் நின்றார். செருப்பைக் கழற்றியிருந்தார். “கூரை போயிருச்சு, சனம் போயிருச்சு, பீடத்துச் செவுரு நிக்குதுங்களே ஐயா” என்றார். சற்றுப் பொறுத்து, “காணிக்கையை இங்க வெச்சிட்டு, மொதல்ல அவன்கிட்டப் போன்னு சொன்னவரு, இந்த மாதிரி பீடத்தைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பாருங்களா?” என்று கேட்டார். மத்தேயு 5:23-24ஐத்தான் அவர் நினைத்திருந்தார். அந்த வசனத்தில் ஒரு நுட்பம் உண்டு. உனக்கு உன் சகோதரன்மேல் குறையிருந்தால் என்று ஆண்டவர் சொல்லவில்லை. உன்மேல் உன் சகோதரனுக்குக் குறையிருப்பது பலிபீடத்தின் முன்னால் உனக்கு நினைவுக்கு வந்தால், என்கிறார். யார் முதலில் தவறினார் என்ற கணக்கை அது கேட்பதே இல்லை. நினைவு யாருக்கு வந்ததோ அவரே எழுந்து போகவேண்டும். பலிபீடத்தின் வேலை அந்த நினைவைக் கொடுப்பது. கூரையில்லாத பலிபீடமும் அதைச் செய்கிறது.

தேவாலயத்திலிருந்து சற்றுத் தள்ளி, மீனவக் குடும்பங்கள் வாழும் குடிசைகள் இருக்கின்றன. வாழத் தகுதியற்றதென்று அறிவிக்கப்பட்ட நிலத்துக்குத் திரும்பி வந்தவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் அங்கே தொழில் செய்கிறார்கள். ஒரு பெண் குடத்தோடு மணலில் அமர்ந்திருந்தார். கையால் மணலை வாரிவிட்டு மூன்றடி போலக் குழி எடுத்திருந்தார். குழியின் அடியில் நீர் சுரந்துகொண்டிருந்தது. சிரட்டையால் மெல்ல மொண்டு குடத்தில் ஊற்றினார். இருபுறமும் கடல் இரைந்துகொண்டிருந்தது. எங்களுக்கும் ஒரு சிரட்டை தந்தார். நண்பர் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் குடித்தார். பிறகு தம்முடைய கேள்வியைக் கேட்டார்.

“ஏனம்மிணி, இதுல மோட்டார் வெச்சா என்னாகும்?”

அவர் சிரித்தார். “ரெண்டு நாளைக்கு நல்லா வரும் ஐயா. மூணாம் நாளு கடலு உள்ள வந்துரும். அப்புறம் யாருக்கும் இல்ல.”

“இன்னும் ஆழமாத் தோண்டுனா?”

“ஆழம் போனா உப்புதான். மேலாப்ல இருக்கறதுதான் நல்ல தண்ணி. எனக்கு ரெண்டு கொடம் போதும். மிச்சம் அடுத்த வீட்டுக்காரி எடுப்பா.”

இதன் காரணத்தை அறிவியல் தெளிவாகச் சொல்கிறது. தீவில் பெய்யும் மழை மணல் வழியே இறங்கி, கீழே நிற்கும் கடல்நீரின்மேல் மிதக்கிறது. கடல்நீர் நன்னீரைவிட ஏறக்குறைய 40இல் ஒரு பங்கு கனமானது. அதனால் கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி நன்னீர் தாங்கப்படும். நெதர்லாந்தைச் சேர்ந்த கைபன், ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பெர்க் ஆகிய இருவரும் நூறாண்டுகளுக்கு முன்பே தனித்தனியாகக் கண்டுசொன்ன கணக்கு இது. இலட்சத்தீவின் கிணறுகளும் யாழ்ப்பாணத்துக் கிணறுகளும் இந்தக் கணக்கின்மேல்தான் நிற்கின்றன. இதன் மறுபக்கமும் உண்டு. மேலிருந்து ஓர் அடி நீர்மட்டத்தை இறக்கினால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி ஏறிவரும். தனுஷ்கோடி போன்ற ஒடுங்கிய மணல்திட்டில் மேலே நிற்கும் நீர் சில அங்குலங்களே. அந்த மெல்லிய படலத்தின்மேல் சில குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்கின்றன. அவர்களைக் காப்பது ஆழமான கிணறு அல்ல, இரண்டு குடம் போதும் என்ற சொல்.

நம் கொங்குநாட்டு மண்ணுக்கு இதை அப்படியே பொருத்திவிட முடியாது என்பதை நான் அறிவேன். நமக்குக் கீழே இருப்பது மணலும் கடலும் அல்ல, கெட்டியான பாறை. மேலே சிதைந்த பாறையில் மழைநீர் சேரும். அதைத்தான் நம் முன்னோரின் திறந்த கிணறுகள் எடுத்தன. அதற்குக் கீழே விரிசல்களில் மட்டும்தான் நீர் உண்டு. திருமூர்த்தி அணையிலிருந்து வரும் பரம்பிக்குளம் ஆழியாறு வாய்க்காலும் பாசனப் பகுதியை நான்கு மண்டலங்களாகப் பிரித்து முறைவைத்துத்தான் தண்ணீர் தருகிறது. நட்டு வளர்த்த தென்னை கண்முன்னே காயும்போது, கடன் வாங்கியாவது இன்னும் நூறடி போட்டுப் பார்ப்போம் என்று எண்ணுகிறவரைப் பேராசைக்காரர் என்று சொல்ல எனக்கு நா எழாது. பிள்ளைக்கு நோய் வந்தால் தகப்பன் கணக்குப் பார்ப்பதில்லை. தென்னை வளர்த்தவரும் அப்படியே. ஆயினும் பாறையிலும் மணலிலும் ஒரு விதி பொதுவாயிருக்கிறது. நமக்குக் கீழே ஓடும் தண்ணீருக்கு வரப்பு கிடையாது. நான் இழுக்கும் நீர் என் சகோதரனுடைய கிணற்றிலிருந்து வருகிறது.

வனாந்தரத்தில் மன்னாவைச் சேர்த்தவர்களைக் குறித்து யாத்திராகமம் 16 சொல்வது இங்கே நினைவுக்கு வருகிறது. மிகுதியாய்ச் சேர்த்தவனுக்கு மீதியில்லை, கொஞ்சமாய்ச் சேர்த்தவனுக்குக் குறைவில்லை. மறுநாளுக்கென்று பதுக்கியது புழுத்து நாறியது. தேவன் இஸ்ரவேலரைக் கூடாரங்களில் வைத்திருந்த காலத்தில்தான் இந்தப் பாடத்தைக் கொடுத்தார் என்பதைக் கவனியுங்கள். கூடாரத்தில் இருப்பவனுக்குப் பதுக்க இடமில்லை. ஸ்கூட்டரில் ஏறும் அளவுக்குத்தான் அவனுக்கு உடைமை. எங்களிடம் இருந்தது ஒரு பாத்திரம், ஒரு அடுப்பு, இரண்டு பாய். அந்த நாட்களில் எதுவும் குறையவில்லை. ஈசாக்கு ஏழை அல்லர். அவர் விதைத்தது நூறு மடங்கு விளைந்தது என்று அதே அதிகாரம் சொல்கிறது. ஆனாலும் ஏசேக்கிலும் சித்னாவிலும் அவரால் சண்டையிடாமல் எழுந்துபோக முடிந்தது. கூடாரத்தில் வாழ்ந்தவர் என்பதால் எழுந்து போவது அவருக்குத் தோல்வியாக இருக்கவில்லை.

இனி 25ஆம் வசனத்துக்குத் திரும்புவோம். பலிபீடம் என் சகோதரனை எனக்கு நினைப்பூட்டுகிறது. கூடாரம் எனக்குப் போதுமான அளவைக் கற்றுக்கொடுக்கிறது. அந்த நினைவும் அந்த அளவும் கூடிய இடத்தில் வெட்டப்படும் துரவு பகையைப் பிறப்பிப்பதில்லை. பலிபீடமில்லாமல் துரவு மட்டும் வெட்டினால் அது ஏசேக்கு ஆகிவிடுகிறது. கூடாரத்தின் மனமில்லாமல் வெட்டினால் சித்னா. இன்னொரு நுட்பத்தையும் கவனியுங்கள். பெயெர்செபாவின் துரவை வெட்டத் தொடங்கியது 25ஆம் வசனத்தில். தண்ணீர் கண்டோம் என்ற செய்தி வருவதோ 32ஆம் வசனத்தில். நடுவில் என்ன நடந்தது? தம்மைத் துரத்திய அபிமெலேக்கு வந்தபோது ஈசாக்கு அவருக்கு விருந்து செய்தார். ஒருவருக்கொருவர் ஆணையிட்டுச் சமாதானத்தோடே பிரிந்தார்கள். அந்த நாளில்தான் வேலைக்காரர் தண்ணீர்ச் செய்தியோடு வந்தார்கள். ஒப்புரவானால் ஆழ்துளைக் கிணற்றில் நீர் வரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்கவில்லை. அப்படிச் சொல்வது சுவிசேஷமும் அல்ல. ஆனால் சமாதானமில்லாத வீட்டில் எத்தனை அங்குல நீர் பாய்ந்தாலும் தாகம் தீராது என்பதை ஒன்பது ஆண்டுகளாக அந்த இரு குடும்பங்களிலும் பார்த்திருக்கிறேன்.

திரும்பும் நாளில் தங்கச்சிமடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். மல்லிகை நாற்றுக்கு அந்த ஊர் பெயர்பெற்றது. அந்த மணலில் வேர்விட்ட செடிகள்தான் தமிழகத்தின் பல ஊர்களுக்கும் போகின்றன. அவர் இரண்டு கட்டு வாங்கினார். ஈரச் சாக்கில் சுற்றி, கூடாரப் பைக்கு மேலே கட்டினார். இரண்டு எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஊர் வந்து சேர்ந்ததும் ஒரு கட்டைத் தம் வாசலில் நட்டார். மற்றொன்று மூன்று நாட்கள் திண்ணையில் ஈரச் சாக்கிலேயே கிடந்ததாம். அவருடைய மனைவி தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாராம். நான்காம் நாள் காலையில் அவரே அதை எடுத்துக்கொண்டு, ஒன்பது ஆண்டுகளாகக் கால்வைக்காத வரப்பின்மேல் நடந்து தம்பி வீட்டுக்குப் போனார். தம்பி வீட்டில் இல்லை. தம்பி மனைவி வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தையும் பேசவில்லை, சொம்பில் தண்ணீர் மட்டும் கொடுத்தார். அவர் குடித்துவிட்டுத் திரும்பினார்.

இதற்குமேல் பெரிதாக எதுவும் இன்னும் நடந்துவிடவில்லை. வழக்கு நிற்கிறது. கடன் நிற்கிறது. இருவரும் இன்றும் வெவ்வேறு வரிசையில்தான் அமர்கிறார்கள். மூத்தவர் மட்டும் தம் மோட்டாரை ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுகிறார். தகப்பனார் காலத்து முறை அது. அதைத் தம்பியிடம் அவர் சொல்லவில்லை. ஆனால் மோட்டார் ஓடாத நாளின் அமைதி அடுத்த காட்டுக்குக் கேட்காமல் இருக்குமா? போன ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுத்துக்கொண்டிருந்தபோது, இளையவர் என் கையைப் பிடித்து, குரலைத் தாழ்த்தி, “நாத்து புடிச்சிக்கிச்சுங்க ஐயா, துளிர் உட்டிருக்குது” என்றார். யாரிடம் சொல்லச் சொல்கிறார் என்பது எனக்குத் தெரியும். சொல்லிவிட்டேன்.

பிரியமானவர்களே, இந்த வாரம் நீங்கள் ஒவ்வொருவரும் ஒரு காரியம் செய்யுங்கள். ஜெபிக்க முழங்காற்படியிடும்போது யாருடைய முகம் நினைவுக்கு வருகிறதோ, அந்த முகத்தைத் தள்ளிவிடாதிருங்கள். நீரோ, நிலமோ, பாகப்பிரிவினையோ, தாய்வீட்டு நகையோ, எதன் பொருட்டு அந்த முகம் தூரமாயிற்று என்று பாருங்கள். உங்களுக்கு எத்தனை குடம் போதும் என்று உங்களையே கேளுங்கள். மிச்சத்தை எடுக்க ஒருவர் வெளியே நின்றுகொண்டிருக்கலாம்.

ஜெபம்: எங்கள் பிதாக்களின் தேவனே, நீர் எங்களுக்குத் தந்த துரவுகளை நாங்கள் பகையினால் தூர்த்துப்போடாதபடி எங்களைக் காத்தருளும். பலிபீடத்தின் முன்னால் எங்கள் சகோதரரை எங்களுக்கு நினைப்பூட்டும். அன்றன்றைய அளவில் திருப்தியடையும் கூடாரவாசிகளின் இருதயத்தை எங்களுக்குத் தாரும். வறண்ட எங்கள் நிலத்தின்மேல் மழையையும், வறண்ட எங்கள் வீடுகளின்மேல் உமது சமாதானத்தையும் பொழிந்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டிக்கொள்கிறோம், ஆமென்.

உங்களுக்காக ஜெபிக்கும் போதகர்,
உடுமலைப்பேட்டை